அருவம்: அடிக்கடி வரும் சந்தேகங்களும் பதில்களும்

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த நாட்களிலும், இப்போது மெய்ப்புப் பார்க்கும் வேலையிலும், இந்த ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு அளவே இல்லை. கேட்டவர்களில் மாணவர்கள் உண்டு, மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு, கோயிலில் கேட்ட சொற்பொழிவில் பாதி புரியாமல் வந்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை.

அருவம்னா என்ன? ஒரே வரியில சொல்லுங்க.

இருக்கிறது, ஆனால் அதற்கென்று ஒரு வடிவமோ உடலோ இல்லை. அதுதான் அருவம். இதில் "இருக்கிறது" என்ற பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இல்லாத ஒன்றை அருவம் என்று சொல்ல முடியாது. முயல்கொம்பு அருவமானது இல்லை, அது வெறும் இன்மை.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பதிகத்தில் இதைத்தான் பிடிக்கிறார். கடவுள் உளன் என்றால் இந்த உருவங்கள் அவனுடைய உருவம், உளன் அல்லன் என்றால் இந்த அருவங்கள் அவனுடைய அருவம் என்கிறார். இல்லை என்று மறுப்பவன் பேச்சிலும் ஒரு இருப்பைக் காட்ட அவருக்கு இந்தச் சொல் கைகொடுக்கிறது. "அருவுகள்" என்று பன்மையில்கூடச் சொல்லியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாதது எல்லாமே அருவம்தானே? காற்று மாதிரி?

இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, உடல் இல்லாமல் இருப்பது வேறு. காற்று தெரியாதே தவிர அதற்கு எடை உண்டு. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம் இருக்கும். சைக்கிள் டியூபில் அடைத்தால் இடம் பிடிக்கும், ஓட்டை விழுந்தால் சீறிக்கொண்டு வெளியே வரும். கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கு முழு உடலே இருக்கிறது.

பழைய பாட்டுகளிலும் உரைகளிலும் ஆகாயத்தையோ காற்றையோ அருவம் என்று சொல்லியிருந்தால் அதைத் தவறு என்று திருத்த வேண்டாம். அங்கே அளவுகோல் கண். இன்று நாம் எழுதும் உரைநடையில், தெரியாததைத் "தெரியாத", "புலப்படாத" என்று சொன்னால் போதும். அருவத்தை அதற்கு உரிய இடத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

அருவமா, அரூபமா? எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் ஒரே சொல்தான். ரூபம் என்ற வடசொல்லுக்கு முன்னால் மறுக்கும் "அ" சேர்ந்து அரூபம் ஆனது. அது தமிழ் வாய்க்கு இணங்கி அருவம் ஆனது. பாபம் பாவமாகவும், தபம் தவமாகவும் ஆனதுபோல இங்கேயும் பகரம் வகரமாகியிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ரூபம் தனியாக வரும்போது நாம் "உருவம்" என்கிறோம், முன்னால் ஒரு உகரத்தை வைத்துக்கொண்டு. தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதுதான் காரணம். இராமன், அரங்கம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் அரூபத்தில் முன்னாலேயே ஒரு அகரம் நிற்கிறது. அதனால் உகரத்துக்கு அங்கே வேலை இல்லை. உருவம், அருவம் என்று முதல் எழுத்து மட்டும் மாறிய அழகான ஜோடி நமக்குக் கிடைத்தது இப்படித்தான்.

வழக்கில் ஒரு சின்ன வேறுபாடு வந்துவிட்டது. சமய நூல்களில் அருவம் அதிகம். கதைகளிலும் ஓவிய விமரிசனத்திலும் அரூபம் அதிகம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். உரு என்பதே தமிழ் வேர்தான், ரூபம் அதிலிருந்து போனது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உரு எப்படி வந்திருந்தாலும், முன்னால் "அ" போட்டு மறுப்பது வடமொழி வழக்கம்தான்.

அப்போ இதுக்குத் தனித்தமிழ்ச் சொல்லே கிடையாதா?

உண்டு. தமிழ் மறுப்பைச் சொல்லின் பின்னால் வைக்கும். உருவிலி என்ற சொல்லைப் பாருங்கள், உரு, இல், இ. உருவம் இல்லாதவன் என்று பொருள். நிகண்டு வழக்கில் இது மன்மதனுக்குப் பெயர். சிவன் நெற்றிக்கண்ணால் எரிந்து உடலை இழந்தவன் அல்லவா. வடமொழியில் அவனை அநங்கன் என்பதும் இதே பொருளில்தான். அந்த எரிப்பு நடந்த இடமாகச் சொல்லப்படும் திருக்குறுக்கை, சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று.

ஆனால் உருவிலியை அருவத்துக்கு நேர் மாற்றாகப் போட முடியாது. மன்மதனுக்கு முன்பு உடல் இருந்தது, பிறகு போனது. அருவத்துக்கு இழப்பு என்ற நிறம் கிடையாது. "உருவமற்ற", "உருவில்லாத" என்றும் எழுதலாம், பொது உரைநடையில் நான் அப்படித்தான் எழுதச் சொல்வேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆழ்வாரும் நாயன்மாரும் புழங்கிய சொல்லை வெளியே நிறுத்தவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

அருவினை, அருஞ்செயல், அருவி... இதெல்லாம் அதே "அரு"வா?

இல்லை. அருவினையிலும் அருஞ்செயலிலும் இருப்பது அருமையின் அரு, "அரிய, கடினமான" என்று பொருள். "அருவினை என்ப உளவோ" என்ற குறளுக்கு "உருவமற்ற செயல்" என்று ஒரு மாணவர் பொருள் எழுதியிருந்தார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், இந்த இரண்டு அருவையும் யாரும் அவருக்குப் பிரித்துக் காட்டவில்லை. அரு ஒரு பெயருக்கு முன் அடைமொழியாக ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது அருமை. தனியாகவோ, உருவுக்குப் பக்கத்திலோ நின்றால் அருவம். அருவிக்கும் இந்த அருவத்துக்கும் உறவில்லை.

அசரீரின்னா உடம்பில்லாததுன்னுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் குரலுக்கு மட்டும் சொல்றோம்?

சரீரம் இல்லாதது அசரீரி. சொல் அளவில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கதைகளில் உடலில்லாத ஒன்று தன்னை வெளிப்படுத்தக் குரலை மட்டுமே பயன்படுத்தியது. தேவகியின் கல்யாண ஊர்வலத்தில் "இவளுடைய எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும்" என்று கம்சன் கேட்டது அப்படி ஒரு குரல். திரும்பத் திரும்ப அப்படியே கேட்டதால், பேசியவரின் பெயர் பேச்சுக்கே பெயராகிவிட்டது. இன்று "அசரீரி ஒலித்தது" என்றால் யாருக்கும் மயக்கம் இல்லை. இதை மாற்ற முயல வேண்டாம்.

இதே குரலுக்கு வடமொழியில் ஆகாசவாணி என்றும் பெயர். 1930களில் மைசூரில் தொடங்கிய வானொலி நிலையத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு அகில இந்திய வானொலிக்கே அது பெயரானது. ஆள் தெரியாமல் குரல் மட்டும் வீட்டுக்குள் வந்த அந்தக் காலத்து அனுபவத்துக்கு, இதைவிடப் பொருத்தமான பழைய சொல் இருந்திருக்க முடியாது.

பேய், ஆவி எல்லாம் அருவம்னு எழுதலாமா?

எழுதும் இடத்தைப் பொறுத்தது. நம்முடைய பேய்க்கதைகளில் பேய்க்கு உடல் உண்டு. தலைமுடி உண்டு, பசி உண்டு, புளியமரத்தில் குடியிருப்பு உண்டு. கால் மட்டும் தரையில் படாது. இது அருவம் ஆகாது.

சமய மரபில் இதற்கென்று இன்னொரு சொல் இருக்கிறது, சூக்குமம் அல்லது சூட்சுமம். கண்ணால் காணும் பருவுடலுக்கு உள்ளே நுண்ணுடல் ஒன்று இருக்கிறது, சாவுக்குப் பிறகு உயிர் அதோடு போகிறது என்பார்கள். நுண்ணியது என்றாலும் அதுவும் உடல்தான். ஆகவே சூட்சும உடல் என்று சொல்லலாம், அருவ உடல் என்று சொன்னால் சொல்லே தன்னோடு முரண்படும். ஆவி என்ற சொல்லோ இன்னும் பரந்தது. இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி, இறந்தவர் திரும்பி வந்தால் அதுவும் ஆவி. கதை எழுதுகிறவருக்கு அந்தச் சொல் ஒன்றே போதும்.

கோயில்ல அருவம், உருவம், அருவுருவம்னு மூணு சொல்றாங்களே. மூணாவது எப்படி வரும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இதைச் சொல்லில் விளக்குவதைவிடச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது எளிது. சிற்சபையில் ஆடும் நடராசர் உருவம். கை, கால், முகம், சடை எல்லாம் இருக்கிறது. அங்கேயே நாள்தோறும் அபிஷேகம் நடக்கும் ஸ்படிக லிங்கம் அருவுருவம். அதைப் பார்க்கலாம், தொடலாம், ஆனால் முகமோ கையோ கிடையாது. நடராசருக்கு வலப்பக்கம் திரை ஒன்று தொங்கும். அதை விலக்கினால் பொன்னால் செய்த வில்வ மாலைகள் தொங்கும் வெறும் வெளி. அது அருவம். சிதம்பர ரகசியம் என்று சொல்வது அதைத்தான். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது என்பதும் இதனோடு பொருந்திவருகிறது.

மாலை மட்டும் ஏன் தொங்குகிறது என்று சின்ன வயதில் நான் என் பாட்டியைக் கேட்டேன். "கழுத்து இருக்குன்னு தெரிய வேண்டாமா கண்ணு" என்றாள். அருவம் என்பது இன்மை இல்லை என்று முதல் பதிலில் எழுதியிருக்கிறேனே, அதை எனக்கு முதலில் சொல்லித்தந்தது அவள்தான்.

சாத்திரத்தில் இதற்குக் கணக்கே உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஒன்பது நிலைகளைச் சொல்கிறார். சிவம், சத்தி, நாதம், விந்து நான்கும் அருவம். சதாசிவம் அருவுருவம். மகேசுவரன், உருத்திரன், மால், அயன் நான்கும் உருவம். ஒரே நாதன் இந்த ஒன்பதாகவும் நடிக்கிறான் என்கிறார். எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு: அரு, உருவம் இரண்டும் சேரும்போது நடுவில் வகரம் வந்து அருவுருவம் ஆகிறது. "அருஉருவம்" என்று பிரித்து எழுத வேண்டாம்.

அப்படீன்னா அருவம்தான் உசத்தி, உருவ வழிபாடு ஒரு படி கீழேயா?

சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஒன்பதும் உயிர்களுக்காக இறைவன் ஏற்கும் நிலைகள், தடத்தம் என்று பெயர். அருவமும் அதில் அடக்கம். அவனுடைய சொந்த இயல்பு, அதாவது சொரூபம், உருவத்துக்கும் அருவத்துக்கும் அப்பால் என்பதுதான் கொள்கை. கச்சியப்பர் கந்தபுராணத்தில் முருகன் பிறப்பைப் பாடும்போது "அருவமும் உருவும் ஆகி" என்று தொடங்கி, ஆறு முகம் பன்னிரண்டு கையோடு உலகம் உய்ய வந்து உதித்தான் என்று முடிக்கிறார். உருவத்துக்கு வருவது அங்கே இறக்கம் ஆகவில்லை, கருணை ஆகிறது.

மணிமேகலையில "அருவுரு"ன்னு வருதே, அதுவும் லிங்கம் மாதிரிதானா?

இல்லை. இங்கே நல்ல வாசகர்களே தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். மணிமேகலை பௌத்தக் காப்பியம். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில் என்று ஒன்றைச் சார்ந்து மற்றது தோன்றுவதாகத் தொடரும் பன்னிரண்டு சார்புகளில் இது நான்காவது. பௌத்தர்கள் நாமரூபம் என்பதற்குத் தமிழில் வைத்த பெயர் இது. மனத்தின் பக்கம் உள்ளவை அரு, உடலின் பக்கம் உள்ளவை உரு. இரண்டும் சேர்ந்தவன் மனிதன்.

ஆக மணிமேகலையின் அருவுரு "அருவும் உருவும்", உம்மைத்தொகை, இரண்டு பொருள். சைவரின் அருவுருவமோ ஒரே பொருள், முழு அருவமும் ஆகாமல் முழு உருவமும் ஆகாமல் நடுவில் நிற்பது. எழுத்து ஒன்றுபோல இருக்கிறதே என்று ஒன்றின் பொருளை மற்றதில் ஏற்றினால் இரண்டு மரபுக்கும் அநியாயம் செய்ததாகும்.

உடம்பில்லாததை "அது"ன்னு எழுதணுமா, "அவர்"னு எழுதணுமா?

உடம்பு இருக்கிறதா என்பதை வைத்துத் தமிழ் திணையைப் பிரிப்பதில்லை. மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை என்கிறது நன்னூல். தேவருக்கு நம்மைப் போல உடல் உண்டா என்று அது கேட்கவில்லை. இன்னொரு பக்கம், தொல்காப்பியம் காலம், உலகம், உயிர், உடம்பு, தெய்வம், வினை முதலான சொற்களைத் தனியாக எடுத்துவைத்து, இவை உயர்திணையைச் சுட்டி வந்தாலும் ஆண், பெண் என்று பால் பிரித்து முடியாது என்கிறது. அதனால்தான் இறந்தவர் எவ்வளவு பெரியவரானாலும் "உயிர் போயிற்று" என்கிறோம், "உயிர் போனார்" என்பதில்லை. அதே பட்டியலில் உயிரும் உடம்பும் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அருவம், ஆவி, அசரீரி மூன்றுக்கும் இயல்பான முடிவு அஃறிணைதான். மதிப்பு வேண்டும் என்றால் சொல்லையே மாற்றுவது தமிழ் வழி. கிறிஸ்தவத் தமிழில் இது அழகாக நடந்திருக்கிறது. போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்த "இஸ்பிரீத்து சாந்து" பழைய கத்தோலிக்க வழக்கு. பிறகு பரிசுத்த ஆவி வந்தது. "ஆவி வந்தது" என்று எழுத மனம் வராதவர்கள் ஒரு பக்கம் "ஆவியானவர்" என்றார்கள், இன்னொரு பக்கம் "தூய ஆவியார்" என்றார்கள். ஒரு விகுதியில் திணை மாறிவிட்டது.

அன்பு, நீதி, நேரம் இதெல்லாம் அருவமா?

இவற்றுக்கு நம்மிடம் தனிச் சொல் உண்டு, கருத்துப்பொருள். கண்ணால் காண்பது காட்சிப்பொருள். அன்பும் நீதியும் பண்புகள், ஏதோ ஒரு ஆளிடமோ செயலிலோதான் அவை இருக்க முடியும். அருவமோ தானாக நிற்கும் ஒரு இருப்பு. அதனால் "அருவமான அன்பு" என்று எழுதுவதை நான் திருத்துவேன். ஓவியத்தில் அரூபம் என்பது வேறு வழக்கு, அங்கே துணியும் வண்ணமும் கண் முன்னால் இருக்கின்றன, அடையாளம் தெரியும் உருவம்தான் இல்லை. அது கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

சட்டம், கணக்குப் புத்தகம் மொழிபெயர்க்கிறேன். உடலற்ற சொத்துக்கு அருவச் சொத்துன்னு போடலாமா?

போடலாம், ஆனால் படிக்கிறவருக்குக் கோயில் நினைவு வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புலனாகாச் சொத்து என்று இருக்கிறது. இலங்கையில் தொட்டுணர முடியாத சொத்து என்கிறார்கள். நான் இலங்கை வழக்கின் பக்கம். 2ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட ஆசிரியர் காயுஸ் பொருள்களைப் பிரிக்க வைத்த சோதனையே தொடுதல்தான்: தொடக்கூடியவை, தொட முடியாதவை. இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன்-டச்சு மரபில் வந்தது என்பதால் அந்தப் பிரிவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்றைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொண்டால், "கண்ணுக்குத் தெரியாத சொத்து" ஏன் போதாது என்பது புரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமும் இல்லை. பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். நிலத்துக்கு நான்கு எல்லை எழுதிவிட்டு, "மாமூல் வழிநடை பாத்தியம்" என்று ஒன்று இருக்கும். கிணற்றில் பங்கு இருந்தால் முறைத் தண்ணீர்ப் பாத்தியமும் இருக்கும். பக்கத்து வயலின் மண் நமக்குச் சொந்தமில்லை, அதன் வழியே நடக்கும் உரிமை சொந்தம். மண்ணைத் தொடலாம், நடக்கும் உரிமையைத் தொட முடியாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அதைத்தான் காக்கிறது, உரிமையாக, வெளிப்படையாக, இடையூறின்றி 20 ஆண்டு நடந்த பாதைக்கு அது வலு கொடுக்கிறது. கிராமத்து வாசகருக்கு எழுதினால் நான் பாத்தியம் என்றே எழுதுவேன். அவருடைய தாத்தா கைநாட்டு வைத்த சொல் அது.

இத்தகைய சொத்துக்கு ஆயுளும் உண்டு. இந்தியாவில் காப்புரிமை 20 ஆண்டு. ஒரு நூலின் பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. உடல் போனவரின் உடலற்ற சொத்து பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது.

"மெய்"னா உடம்பு, "மெய்"னா உண்மை. அப்போ தமிழ்ப்படி உடம்பில்லாதது பொய்யா?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது இது. எனக்கு அன்று உடனே பதில் வரவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

தொட்டுப் பார்த்து உறுதி செய்யக்கூடியது உண்மை என்ற அனுபவம் அந்தச் சொல்லுக்குள் இருக்கலாம். மெய்நிகர் என்று இன்று நாம் உருவாக்கிய சொல்லிலும் அந்த மெய்தான் இருக்கிறது. ஆனால் அதே மொழி எழுத்துக்குப் பெயர் வைத்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். 18 எழுத்துக்கு மெய், 12 எழுத்துக்கு உயிர். உயிர் தானாக ஒலிக்கும். மெய்யை இயக்க அகரம் வேண்டும் என்கிறது தொல்காப்பியம். உடலுக்குத்தான் உயிர் தேவைப்படுகிறது, உயிர் உடலில்லாமலே நிற்கிறது. இந்த மொழி உடலற்றதைப் பொய் என்று நினைத்திருந்தால் இப்படிப் பெயர் வைத்திருக்காது.

அவளை "க்" என்று தனியாகச் சொல்லச் சொன்னேன். அவள் ஒன்றாம் வகுப்பில் படித்த மாதிரியே "இக்" என்றாள்.